ஆறு வருஷமாக ஏறாத மலை

ராஜாக்கண்ணு கூகைமுடியை ஆறு தடவை ஏறி இறங்கியவன். ஆபீஸ் கோப்பு அப்படித்தான் சொன்னது. வருஷத்துக்கு ஒரு தாளாக ஆறு தாள், ஆறிலும் ஒரே வாசகம்: ‘கூகைமுடி உச்சியில் உள்ள சர்வே குறி நேரில் பார்வையிடப்பட்டது. சுற்றுக்கல் இடுப்பளவு உயரம் உள்ளது. குறி தெளிவாகத் தெரிகிறது. சேதம் ஏதுமில்லை.’ கீழே அவனுடைய கையெழுத்து, கொஞ்சம் அலங்காரமாக, கடைசி எழுத்துக்கு ஒரு வால் விட்டு.

நிஜத்தில் அவன் அந்த மலையின் முழங்காலைக்கூடத் தாண்டியதில்லை.

அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஜவ்வாது மலையில் எத்தனையோ முடிகள் உண்டு, அவற்றில் பாதிக்குப் பாதை கிடையாது. யாராவது எதற்காவது தினமும் நடந்தால்தானே பாதை விழும்? கூகைமுடியின் தலையில் கோயில் இல்லை, சுனை இல்லை, சாமை விதைக்க ஒரு சாண் மண் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் நாட்டை அளந்தவர்கள் அங்கே ஏறி, பாறையில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் கொத்தி, சுற்றிலும் இடுப்பளவுக்குக் கல்லை அடுக்கிவிட்டுப் போனார்கள். அந்தக் குறி பத்திரமாக இருக்கிறதா என்று தை மாதத்தில் ஓர் ஆள் ஏறிப் பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. மலையடிவாரத்து ஆபீஸ் ஒன்றில் தற்காலிகக் கடைநிலை ஊழியனாக இருந்த ராஜாக்கண்ணுவின் தலையில் அது வந்து விழுந்தது. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். அங்கே இன்னும் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள்.

முதல் வருஷம் அவன் நேர்மையாகத்தான் புறப்பட்டான். மூங்கில் புதருக்குள் நுழைந்து இரண்டு மணி நேரம் சுற்றி, நுழைந்த இடத்திலேயே வெளியே வந்தான். மறுபடி நுழைந்தபோது கரடி போட்டுவிட்டுப் போன விட்டை ஆவி பறக்கக் கிடந்தது. அதற்கு மேல் அவனுக்கு யோசிக்க ஒன்றுமிருக்கவில்லை. கீழே இறங்கி வந்து, முந்தைய ஆள் எழுதியிருந்ததை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதினான். அவனுக்கு முந்தைய ஆள் எதைப் பார்த்து எழுதினானோ, அது அந்த மலைக்குத்தான் வெளிச்சம். அடுத்த வருஷங்களில் மூங்கில் வரைக்கும் போகிற சிரமம்கூட இல்லை. ஜமுனாமரத்தூர் சந்தைக்கு பஸ் ஏறி, டீ குடித்து, வீட்டுக்குப் புளி வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் கழித்துக் களைத்த முகத்தோடு ஆபீஸுக்கு வந்துவிடுவான்.

எழுபத்தெட்டாம் வருஷம் மார்கழிக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. மலைகளை மறுபடி அளக்கப்போகிறார்கள். சர்வே அதிகாரி கோபால்சாமி தையில் வருகிறார், கூகைமுடியில்தான் ஆரம்பம். ‘வருஷந்தோறும் ஏறிப் பழக்கமுள்ள ராஜாக்கண்ணு என்பவரையே வழிகாட்டியாக அனுப்பவும்.’

படித்துக் காட்டிய கிளார்க்குக்கு ஒரே சந்தோஷம். “பேரு போட்டுக் கேட்டிருக்காங்கய்யா. பங்குனியில பர்மனெண்ட் லிஸ்ட் போவுது, உன் பேரு நாலாவதா கீது. இந்த ஆபீசரு ஒரு வரி நல்லதா எழுதினா முடிஞ்சுது உன் ஜோலி” என்றார்.

முடிந்தது என்றுதான் ராஜாக்கண்ணுவும் நினைத்தான், வேறு அர்த்தத்தில். ஆறு வருஷமாக அவனும் மனைவி திரௌபதியும் இரண்டு பெண் பிள்ளைகளும் போளூரில் அவளுடைய அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்தார்கள். அண்ணி ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு பாத்திரத்தைச் சத்தமாகக் கீழே வைப்பாள். வேலை நிரந்தரமானால் அந்த மாதமே தனி வீடு என்று திரௌபதி சொல்லி வைத்திருந்தாள். பொய் வெளியே வந்தால் பட்டியல் மட்டுமல்ல, இருக்கிற வேலையும் போய்விடும்.

அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே அவன் மலை ஏறினான். பஸ்ஸில்தான். ஜமுனாமரத்தூரில் இறங்கி ஒன்றரை மணி நேரம் நடந்து ஈச்சங்காடு என்ற சிற்றூருக்குப் போய், கூகைமுடி ஏறத் தெரிந்தவர் யார் என்று விசாரித்தான். “அங்கியா? குப்பம்மாதான் போவும்” என்று நாலு பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள். உச்சியை ஒட்டித் துடைப்பப் புல் நன்றாக வளருமாம். வாரத்துக்கு ஒரு தடவை அறுத்து, தலைச்சுமையாகக் கொண்டுவந்து சந்தையில் விற்கிறவள் அவள்.

குப்பம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும், ராஜாக்கண்ணுவைவிட நாலைந்து வயது பெரியவள். வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய அண்ணன் கருப்பன் உட்கார்ந்திருந்தான். ஊர்க் கவுண்டன், ஊருக்குத் தலைவன். காட்டில் மரம் வெட்டியதாக அவன் மேல் ஒரு கேஸ் இரண்டு வருஷமாக நடந்துகொண்டிருந்தது, வாய்தாவுக்கு வாய்தா கீழே போய் நின்றுவிட்டு வருவான். சர்க்கார் ஆள் என்றதும் அவன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

“எக்கா, நாளன்னிக்கு ஒரு ஆபீசரு வர்றாரு. கூகைமுடிக்குப் போவணும். நான் முன்னால நடப்பேன், நீங்க பின்னால வரணும். ஆனா வழி நீங்கதான் சொல்லணும்.”

குப்பம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். “பின்னால இருந்துகினு எப்பிடிங்க வழி சொல்றது? கழுதை ஓட்ற மாதிரியா?”

“இருமுங்க. ஒரு தபா இருமினா இடது கை பக்கம். ரெண்டு தபா இருமினா வலது. தொண்டையச் செருமினா நிக்கணும்.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மலைக்காரர்களை ஏமாற்றுவது சுலபம் என்று கீழே இருக்கிறவர்கள் நினைப்பது வழக்கம். எதிரில் உட்கார்ந்து பேசிப் பார்த்தால் தெரியும்.

“நீங்க மேல ஏறினதே கெடையாதுங்களா?”

“இல்லக்கா.”

“ஆனா ஏறினேன்னு எழுதிக் குடுத்துட்டீங்க.”

“குடுத்துட்டேன். ஆறு தபா. தெரிஞ்சா வேலை பூடும். ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குது.”

குப்பம்மாள் சிரிக்கவில்லை, உபதேசமும் செய்யவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரிங்க. யார்கிட்டயும் வாய் தொறக்க மாட்டேன். இது என் வார்த்தை. ஆனா மலையோட கழுத்துல புதுக்கால்காரங்களுக்குக் கல்லு எடுத்து வெப்பேன். அது எங்க வழக்கம், அத மட்டும் வுட முடியாது” என்றாள்.

ராஜாக்கண்ணுவுக்கு அப்போது இருந்த நிம்மதியில், புதுக்கால் என்றால் என்ன, கல் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. மலைக்காரர்களுக்கு ஏதோ ஒரு பழக்கம், வைத்துவிட்டுப் போகட்டும் என்று தலையாட்டிவிட்டு வந்தான். ஒரு நிமிஷம் செலவழித்துக் கேட்டிருக்கலாம்.

அதிகாரி கோபால்சாமி அறுபது கிலோ எடைகூட இல்லாத ஒல்லி மனிதர். கண்ணாடி, காக்கித் தொப்பி, கான்வாஸ் ஷூ. அளக்கிற கருவியான தியோடலைட் பெட்டியையும் முக்காலியையும் சுமக்க பாண்டுரங்கன் என்ற கலாசியை அழைத்து வந்திருந்தார். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது, எல்லாவற்றையும் கேட்பார். அதைவிடக் கெட்ட பழக்கம், கேட்டதை மறக்கமாட்டார்.

விடிந்ததும் ஈச்சங்காட்டிலிருந்து புறப்பட்டார்கள். முன்னால் ராஜாக்கண்ணு, கையில் கொடுவாளோடு, மலையே தன் மாமனார் வீடு என்பது போல. அடுத்து அதிகாரி, அவருக்குப் பின் கலாசி, கடைசியில் இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு குப்பம்மாள். கடைசிச் சாமை வயலின் வேலியோடு ஒற்றையடிப் பாதை தீர்ந்துவிட்டது. அதற்கப்பால் மூங்கில், உண்ணி முள், சரிந்து கிடந்த பாறைகள், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரியான சரிவு.

பின்னால் இருமல் கேட்டது. ராஜாக்கண்ணு இடது பக்கம் திரும்பினான். மூங்கில் சற்று விலகி, ஆள் நுழைகிற அளவுக்கு இடம் விட்டது. இரண்டு இருமல். வலது பக்கம் திரும்பினான். காய்ந்த ஓடை ஒன்று படிக்கட்டு மாதிரி மேலே போயிற்று. ஆறு வருஷத்துக்கு முன் தான் சுற்றிச் சுற்றி வந்த அதே புதரை இவ்வளவு லேசாகக் கடந்துவிட்டதில் அவனுக்கே ஆச்சரியம். ஓடை முடிந்த இடத்தில் ஒரு பெரிய வழுக்குப் பாறை வந்தது. தொண்டைச் செருமல், பிறகு ஒரு இருமல். பாறையின் இடது விளிம்பில் வேர் பிடித்து ஏறினார்கள். தியோடலைட் பெட்டியைக் கயிறு கட்டி இழுத்தார்கள்.

“பரவாயில்லையே, ராஜாக்கண்ணு” என்றார் அதிகாரி. “ஒரு இடத்துலகூடத் தடுமாறலையே நீ. எத்தனையோ மலையில வழிகாட்டியே வழி தப்பி நின்னதைப் பார்த்திருக்கேன்.”

“பழக்கந்தான் சார்.”

“ஆனா அந்தம்மாவுக்குத்தான் ஒடம்பு சரியில்ல போல. காலையிலேருந்து இருமிக்கிட்டே இருக்காங்க.” பையைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்துக் குப்பம்மாளிடம் கொடுத்தார். “சாப்பிட்டதும் முழுங்குங்கம்மா.”

குப்பம்மாள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, ராஜாக்கண்ணுவை ஒரு பார்வை பார்த்தாள்.

புல்வெளியில் காற்று அடித்தபோதுதான் சிக்கல் வந்தது. காய்ந்த புல்லின் தூசு தொண்டையில் ஏறி, குப்பம்மாள் நிஜமாகவே மூன்று நான்கு முறை இருமிவிட்டாள். ராஜாக்கண்ணு இடதும் வலதுமாகத் திரும்பி நேராக ஒரு முள்புதருக்குள் போய் நின்றான். ஒட்டிக்கொண்ட வேட்டியைப் பிய்த்தெடுக்கக் கால் மணி நேரமாயிற்று. “இங்க ஒரு மூலிகை இருக்கும், அதப் பார்க்கத்தான் வந்தேன் சார்” என்றான். அதிகாரி என்ன மூலிகை என்று கேட்டார். ராஜாக்கண்ணு, தான் நாலு நிமிஷத்துக்கு முன் மிதித்த ஏதோ ஒரு செடியின் பெயரைச் சொன்னான். அதிகாரி குறித்துக்கொண்டார்.

பத்தரை மணிவாக்கில் இரண்டு சரிவுகள் சேர்கிற குறுகலான மேட்டுக்கு வந்தார்கள். மலைக்கு அங்கே கழுத்து இறுகி, அதற்கு மேல் உச்சி தலை மாதிரி நிமிர்ந்து நின்றது. குப்பம்மாள் முன்னால் வந்தாள். சுற்றிலும் தேடி, ஒரு கைப்பிடியில் அடங்குகிற மாதிரி கற்களைப் பொறுக்கி, ஒன்று இரண்டு மூன்று என்று தரையில் வரிசையாக வைத்தாள்.

“இது எதுக்கும்மா?” என்றார் அதிகாரி.

“மொத மொத மலையோட தலைக்குப் போறவங்க இங்கிருந்து ஒரு கல்லு எடுத்துகினு போயி மேல வெக்கணுங்க. புதுக்கால் வந்திருக்குதுன்னு மலைக்குத் தெரியணும்ல. எங்க ஒம்பது ஊருலயும் ஆம்பள பொம்பள அத்தினி பேரும் கல்யாணத்துக்கு முன்னால ஒரு தபா ஏறி வெச்சிருவோம். ஒருத்தருக்கு ஒரு கல்லுதான், ஆயுசுக்கும்.”

அதிகாரிக்கு இது பிடித்துப்போயிற்று. ஒரு கல்லை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். பாண்டுரங்கன் ஒன்றை எடுத்தான். மூன்றாவது கல் தரையில் கிடந்தது.

“இது யாருக்கு?”

பொய்க்குப் பழகிய ராஜாக்கண்ணுவின் நாக்கு அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டது. “ஒரு மரியாதைக்கு நானும் இன்னொண்ணு எடுத்துகினு வர்றேன் சார்” என்று குனிந்தான்.

“ரெண்டாவது கல்லு கெடையாதுங்க” என்றாள் குப்பம்மாள்.

“அப்ப நீ ஏற்கெனவே வெச்சாச்சா?” என்று அதிகாரி கேட்டார்.

“வெச்சிட்டேன் சார். மொத வருஷமே.”

குப்பம்மாள் மூன்றாவது கல்லை எடுத்து, மிதிபடாமல் ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு நடந்தாள். ராஜாக்கண்ணு அவள் முகத்தைப் பார்க்காமலே அவளுக்கு முன்னால் போனான்.

உச்சி ஒரு மொட்டைப் பாறை. ஏறியவுடன் காற்று ஆளைத் தள்ளிற்று. கீழே காடும் வயலும் ஏரியும், வெகு தூரத்தில் போளூர்ப் பக்கத்து ரயில் பாதையும் தெரிந்தன. ஆனால் நால்வரில் யாரும் அதையெல்லாம் பார்க்கவில்லை. பாறையின் நடுவே அதிகாரியின் தொப்பியைவிட உயரமாக ஒரு கற்குவியல் நின்றது. வெள்ளைக்காரன் வைத்த சுற்றுக்கல் அடியில் எங்கோ புதைந்துபோயிருந்தது. வட்டமும் இல்லை, புள்ளியும் இல்லை.

கோபால்சாமி குவியலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கோப்பின் நகலைப் பையிலிருந்து எடுத்தார்.

“இடுப்பளவுன்னு எழுதியிருக்கே.”

“ஆமா சார்.”

“போன வருஷம் வந்தப்போ இடுப்பளவுதான் இருந்ததா?”

“ஆமா சார்.”

“குறி தெரிஞ்சதா?”

“தெரிஞ்சுது சார்.”

“உன் கல்லு எது?”

ராஜாக்கண்ணு குவியலைப் பார்த்தான். இடுப்பளவு உயரத்தில் வெளிறிய கல் ஒன்று மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரிந்தது. அதைக் காட்டினான். குப்பம்மாளின் கை சட்டென்று அந்தக் கல்லை நோக்கி எழுந்து, பாதியில் நின்று, கீழே இறங்கிவிட்டது.

“சரி” என்றார் அதிகாரி. அவர் மூளை கணக்குப் போடுகிற மூளை. “ஆறு வருஷத்துக்கு முன்னாடி வெச்ச கல்லு இங்க இருக்கு. போன தையில இதே உயரந்தான்னு நீ பார்த்து எழுதியிருக்கே. அப்படின்னா இதுக்கு மேல இருக்கிற அவ்வளவும் இந்த ஒரே வருஷத்துல குவிச்சது. வழக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அளக்க வர்றாங்கன்னு தெரிஞ்சு யாரோ வேணும்னே மூடியிருக்காங்க.” குப்பம்மாள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, இதையெல்லாம் எப்போ வெச்சீங்க?”

அவள் வாயைத் திறந்தாள். ராஜாக்கண்ணுவைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

“அத நான் சொல்றதுக்கில்லீங்க.”

“சொல்றதுக்கில்லைன்னா என்ன அர்த்தம்? சர்க்கார் குறியை மூடறது குற்றம், தெரியுமா? உங்க ஊர்க் கவுண்டர் யாரு?”

“எங்க அண்ணங்க. கருப்பன்.”

“அவர் மேல வேற ஏதாவது கேஸ் இருக்கா?”

“இருக்குதுங்க.”

அதிகாரி பாறையில் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தை முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தார். அவர் கெட்டவர் இல்லை, கோபம்கூடப் படவில்லை. எதிரில் இருப்பதையும் கோப்பில் இருப்பதையும் சேர்த்து வைத்து, அதிலிருந்து என்ன வருகிறதோ அதை எழுதினார். கருப்பன், ஈச்சங்காடு, ஊர்க் கவுண்டர் என்று அவர் எழுதுவது ராஜாக்கண்ணு நின்ற இடத்திலிருந்து தெரிந்தது.

குப்பம்மாள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. இந்த ஆள் இன்றைக்குத்தான் முதல் தடவையாக இங்கே வருகிறான் என்று ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தை வரவில்லை. ராஜாக்கண்ணு அவள் பேசுவாள் என்று காத்திருந்தான். பேசினால் என்ன சொல்லி மறுப்பது என்றுகூடத் தயாராக வைத்திருந்தான். அவள் பேசாமல் நிற்க நிற்க, வைத்திருந்த பதில்கள் ஒவ்வொன்றாக உதவாமல் போயின. அவனுக்கு வெட்கமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் பெரிதாகிவிட்டது.

“சார், எழுதாதீங்க” என்றான்.

கோபால்சாமி நிமிர்ந்து பார்த்தார்.

“நான் இங்க வந்ததே இல்லீங்க சார். இன்னிக்குத்தான் மொத தபா. ஆறு வருஷமும் பழசப் பார்த்து எழுதினேன். இந்தக் கல்லெல்லாம் எப்போருந்து இருக்குதோ எனக்குத் தெரியாது.”

“வழி?”

“வழியும் தெரியாது சார். அந்தம்மா இருமினாங்க, நான் நடந்தேன்.”

பாண்டுரங்கன் வாய்விட்டுச் சிரித்து, அதிகாரியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். கோபால்சாமி கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

“இதைச் சொன்னதால உனக்கு என்ன ஆகும்னு தெரியும்ல? என்னால மறைக்க முடியாது. நீ சொன்னதை எழுதாம கருப்பன் பேரை மட்டும் அடிச்சா, குறி எப்படி மூடிச்சுன்னு கேப்பாங்க.”

“தெரியும் சார். எழுதுங்க.”

அவர் எழுதியதைக் குறுக்கே அடித்துவிட்டு, குப்பம்மாளிடம் மறுபடியும் கேட்டார். இந்த முறை அவள் பதில் சொன்னாள். தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து வைக்கிறோம், கீழ்க்கல்லெல்லாம் யாருடையது என்று யாருக்கும் தெரியாது, மேலே இருப்பவற்றில் பாதிக்குமேல் தனக்குப் பெயரோடு தெரியும் என்றாள். அந்த வெளிறிய கல் அவளுடைய தங்கை ஜெயம்மாளுடையது. கல்யாணத்துக்கு முன் மாதம் வைத்தது. முதல் பிரசவத்தில் அவள் போய்விட்டாள்.

“தெரியாம கைய காட்டிட்டேன்க்கா” என்றான் ராஜாக்கண்ணு.

“தெரியுங்க” என்றாள். அவ்வளவுதான்.

குறியைப் பார்க்காமல் அளக்க முடியாது. குவியலைக் கலைக்கக் குப்பம்மாள் சம்மதிக்கவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் எடுக்கலாம், எடுத்த வரிசையிலேயே திரும்ப வைக்க வேண்டும் என்றாள். ராஜாக்கண்ணுதான் எடுத்தான். ஒவ்வொரு கல்லாக எடுத்து அவளிடம் கொடுக்க, அவள் பாறைமேல் வரிசை பிசகாமல் அடுக்கினாள். சில கற்களை வாங்கும்போது யாருடையது என்று சொன்னாள், சிலவற்றுக்குச் சொல்லவில்லை. அடியில் கை போனபோது வட்டம் விரலில் தட்டுப்பட்டது, நடுவே புள்ளியும். அதிகாரி அளந்து முடித்தபின் அத்தனையையும் திரும்ப வைத்தார்கள். கடைசியாக அதிகாரியும் கலாசியும் தங்கள் கல்லை வைத்தார்கள். ராஜாக்கண்ணு தள்ளி நின்றான். அவனிடம் கல் இல்லை, கேட்கவும் அவனுக்கு அன்று மனசு வரவில்லை.

சித்திரையில் உத்தரவு வந்தது. பொய்யான அறிக்கை கொடுத்த காரணத்தால் மேற்படி நபர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார் என்று இரண்டே வரி. ஆறு தாளிலும் அவன் கையெழுத்துக்கு மேலே சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்ட மேலதிகாரிகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிளார்க் உத்தரவைக் கொடுத்துவிட்டு, “வாய மூடிகினு ஒரு நாள் தள்ளியிருக்கக் கூடாதா? மலைக்காரன் கேஸு, தானா போயிருக்கும்யா” என்றார். ராஜாக்கண்ணு பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு நடு மத்தியானத்தில் வீட்டுக்கு நடந்தான்.

திரௌபதிக்கு அதுவரை எதுவும் தெரியாது. தாளைக் கையில் கொடுத்துவிட்டு, அவன் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னான். சந்தையில் டீ குடித்தது, புளி வாங்கியது, இருமல், கல், எதையும் விடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவள் கண்ணில் நீர் வந்ததைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. அடுப்படியில் அண்ணி ஒரு குண்டானைச் சத்தமாக வைத்தாள்.

“யாரு காட்டிக் குடுத்தது, அந்த மலைக்காரியா?” என்றாள் கடைசியில்.

“அந்தம்மா காட்டிக் குடுத்திருந்தா இந்நேரம் எனக்கு பர்மனெண்ட் ஆயிருக்கும்” என்றான் ராஜாக்கண்ணு. “பொய் சொல்லுதுன்னு ஒரே பேச்சுல முடிச்சிருப்பேன். சாரும் என்னத்தான் நம்பியிருப்பாரு. அது வாயே தொறக்கல திரௌபதி. சொந்த அண்ணன் பேர எழுதறப்பகூட தொறக்கல. என்கிட்ட குடுத்த வார்த்தைக்கு நின்னுச்சு. நான் இன்னா பண்றது, சொல்லு.”

திரௌபதி அந்தத் தாளை வெகுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை நாலாக மடித்து அவன் சட்டைப்பையில் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிடச் சொன்னாள்.